'தாயகம் திரும்பியோர்' என்னும் சொல்

1964 ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழரை அரசு ஆவணங்கள் 'தாயகம் திரும்பியோர்' என்கின்றன. திரும்புவதற்கு முன்பு ஒருமுறை புறப்பட்டிருக்க வேண்டும். இவர்களுள் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். புறப்பட்டவர்கள் அவர்தம் பாட்டனும் முப்பாட்டனுமே.

பொன்முடிக்கு வடக்கே, அதே மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள குளத்தூப்புழையில் இச்சொல் மேலும் தடுமாறுகிறது. இவர்களுக்கென 1976இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 'ரிஹாபிலிட்டேஷன் பிளாண்டேஷன்ஸ்' நிறுவனம் தொடங்கப்பட்டது. கொழுந்து பறித்த கைகள் ரப்பர் மரத்தில் பால்வெட்டக் கற்றன. சுற்றிலும் மலையாளம், மூதாதையர் ஊரோ தமிழ்நாட்டில். அவ்வாறாயின் திரும்பியது எந்தத் தாயகத்திற்கு?

தனித்தனியே விண்ணப்பித்த உடன்பிறந்தாருள் ஒருவர் தலைமன்னாரில் கப்பலேற, மற்றவர் லயத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல. ('லயம்' என்ற சொல் மட்டும் கேரளத் தோட்டங்களிலும் அவர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது.)

ஆய்வேடுகளும் இந்த அரசுச் சொல்லை மேற்கோள் குறிகூட இன்றி எடுத்தாள்வது பொருந்தாது. 'அனுப்பப்பட்டோர்' என எழுதினால் அனுப்பியவர் யார் என்ற வினா எழும். 'திரும்பியோர்' என்பதில் அவ்வினாவுக்கு இடமில்லை. வீடும் வேலையும் அண்டை வீட்டாரின் மொழியும் அவர்களுக்குப் புதியவை என்பதும் அதில் தெரிவதில்லை.