இப்னு ஹைதம் சொல்லாத விதி

சென்ற வருட மீலாத் தினப் பேச்சுப் போட்டியில் எனக்கு முதலிடம் கிடைத்தது. "ஒளிமுறிவு விதியை உலகுக்கு முதன்முதலில் தந்தவர் எங்கள் இப்னு ஹைதம். அதைத் திருடித் தன் பெயரைச் சூட்டிக்கொண்டவர் சினெல்" என்று நான் குரலை உயர்த்திச் சொன்னபோது மண்டபமே கைதட்டியது. அந்த இரண்டு வசனங்களும் பிழை. நடுவர்கள் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. தொலைபேசியில் யாரோ அனுப்பிய ஒரு கட்டுரையிலிருந்து எடுத்ததுதான் அது.

கேட்டவர் எங்கள் பௌதிகவியல் மிஸ் மட்டுமே. "நல்லாப் பேசினீங்க மகள். அவர் அந்த விதியை எப்படி எழுதியிருந்தார் என்று ஒரு நாளைக்கு வகுப்பில காட்டுங்களேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் சுட்டது.

தேடிப் பார்த்ததில் தெரிந்தது இதுதான். ஏறத்தாழ 984ஆம் ஆண்டில் பக்தாதில் இப்னு சஹ்ல் என்ற கணித அறிஞர் ஒரு நூல் எழுதினார். சூரிய ஒளியைக் குறித்த ஒரு புள்ளியில் குவித்து எரிப்பதற்கு ஆடியையும் வில்லையையும் எப்படி வடிவமைப்பது என்பதே அதன் கேள்வி. அதில் பளிங்கின் தட்டையான மேற்பரப்பில் ஒளி திரும்புவதை ஒரு படமாக வரைகிறார். இரண்டு செங்கோண முக்கோணங்கள். அவற்றின் செம்பக்கங்களுக்கு இடையிலான விகிதம் அந்தப் பளிங்குக்கு எப்போதும் ஒன்றே. நாம் உயர்தரத்தில் பாடமாக்கும் சைன் விகிதம் அதுவேதான், எழுதும் முறைதான் வேறு. அதை எப்படிக் கண்டடைந்தார் என்று அவர் சொல்லவில்லை. அந்த நூலின் ஏடுகள் டமஸ்கஸிலும் தெஹ்ரானிலுமாகப் பிரிந்து கிடந்தன. ருஷ்தி ராஷித் என்ற ஆய்வாளர் அவற்றைச் சேர்த்து, 1990இல் எழுதிய பிறகுதான் உலகம் அறிந்தது.

அப்படியானால் இப்னு ஹைதம்? அவர் இப்னு சஹ்லின் எழுத்தை அறிந்தவர், தன் கையாலேயே பிரதி எடுத்தவர். ஆனாலும் கிதாபுல் மனாழிரில் முறிவைப் பற்றி நீளமாக எழுதும்போது இந்த விதியை அவர் தரவில்லை. கோணங்களையே ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டு போகிறார்.

இதை வாசித்தபோது முதலில் எனக்கு ஏமாற்றம். பிறகு ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குற்றியையும் நான்கு குண்டூசிகளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படுகோணம் 30 பாகை வைத்தபோது முறிகோணம் 19.5 அளவில் வந்தது. 60 வைத்தபோது 35. கோணத்தைக் கோணத்தால் பிரித்தால் முதலில் 1.54, அடுத்து 1.71. ஒத்துவரவில்லை. சைன் எடுத்துப் பிரித்தால் இரண்டு தடவையும் 1.5க்குக் கிட்டவே நின்றது. கோணங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் விதி கைக்கு எட்டாது. முக்கோணத்தின் பக்கங்களைப் பார்த்தவருக்கு எட்டியது. ஒரு பெரிய மனிதர் எந்த இடத்தில் நின்றுவிட்டார் என்பதை ஒரு கடதாசியும் பென்சிலும் எனக்குக் காட்டின. பேச்சுப் போட்டியில் கிடைக்காத சந்தோசம் அது.

(அந்த 1.5க்கு ஓர் அர்த்தமும் உண்டு. வெற்றிடத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் போகும் ஒளி, இந்தக் கண்ணாடிக்குள் 200,000 கிலோமீற்றர்தான் போகிறது. தண்ணீரில் 225,000. கிணற்றின் அடித்தளம் கிட்ட இருப்பதுபோல் தெரிவதும் இந்த வேக வித்தியாசத்தால்தான். உம்மா இதை நம்ப மறுத்து, பீங்கான் கோப்பைக்குள் காசு போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டிய பிறகே ஒத்துக்கொண்டார். இதே காசு விளையாட்டைத் தொலமி இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.)

சினெல் திருடனும் அல்ல. அவர் 1621இல் கண்டதை அச்சிடாமலே இறந்துவிட்டார். அவருக்கு முன்பே, 1602 அளவில், இங்கிலாந்தில் ஹரியட் கண்டிருந்தார், அவரும் அச்சிடவில்லை. 1637இல் அச்சிட்டவர் டெக்கார்ட். பிரான்சில் இந்த விதியை டெக்கார்ட்டின் பெயரையும் சேர்த்தே படிக்கிறார்கள். இவர்களில் எவரும் இப்னு சஹ்லின் ஏடுகளைப் பார்த்ததற்குச் சான்றில்லை. ஆகவே பாடப்புத்தகத்தில் பெயரை மாற்று என்று நான் கேட்கமாட்டேன். பக்கத்தில் இப்னு சஹ்ல் என்ற பெயரையும் ஒரு வரியில் சேர்க்கலாம், அவ்வளவே.

நான் கேட்பது எங்கள் மேடைகளிடம்தான். முஸ்லிம் விஞ்ஞானிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறோம். அவர்கள் செய்த ஒரு காரியத்தையாவது செய்து பார்ப்பதில்லை. செய்முறை வகுப்பில்கூட வாசிப்புகளை முன்னைய வருடக் கொப்பியிலிருந்து பார்த்து எழுதிவிட்டு ரியூசனுக்கு ஓடுகிறோம். நானும் ஓடியவள்தான். தொலமியை எவ்வளவு மதித்தாலும், அவரது பிழைகளைக் காட்டவே ஒரு தனி நூல் எழுதியவர் இப்னு ஹைதம். அவரைப் புகழ்வதற்கு நான் பொய் சொன்னது அவருக்குப் பிடித்திருக்காது.

போன கிழமை தரம் 9 தங்கை ஒருத்தி வந்து, இந்த வருடப் போட்டிக்கு என் பேச்சின் பிரதியைக் கேட்டாள். அந்த இரண்டு வசனங்களையும் வெட்டிவிட்டு, மேலே இப்னு சஹ்லின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவள் முகம் வாடிப்போனது.

"ராத்தா, அந்த இடத்திலதானே எல்லாரும் கைதட்டினாங்க?"

"ஓம்" என்றேன். நாளைக்கு இடைவேளையில் ஆய்வுகூடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். குண்டூசி நான்கும் என் பெட்டியில் இருக்கின்றன.