பதினோராம் அத்தியாயம்

சென்ற திங்கள் பெங்களூரிலிருந்து நமக்கு ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. மார்டள்ளியில் வாழும் பாட்டியார் ஒருவரும், பெங்களூரில் பணிபுரியும் அவர்தம் பேரனும் கூடி எழுதிய சரித்திரத் துப்பறியும் நவீனம் அது. பாட்டியார் தொலைபேசியில் சொல்லுவார், பேரன் எழுதுவான். பத்து அத்தியாயங்கள் உள்ளன. பதினொன்றாவது இல்லை. கள்வன் யார் என்பதில் ஆசிரியர் இருவர்க்கும் உடன்பாடு ஏற்படவில்லையாம்!

1934-இல் மேட்டூர் அணை நிறைவெய்தி ஊர்கள் பல நீரில் மூழ்கின அல்லவா? நீர் வற்றுங்கால் பண்ணவாடியில் தலைகாட்டும் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களை அன்பர் பலர் கண்டிருப்பீர்கள். அத்தகைய ஊரொன்றை மக்கள் காலி செய்யும் இரவில் ஆலயமணி களவு போகிறது. கற்பனைதான். ஆயினும் மாட்டுவண்டியில் வீட்டு நிலையும் உத்தரமும் ஏறிப்போகும் காட்சியைப் பேரன் எந்த நூலிலும் படித்தறிந்திரான்; அது பாட்டியார் தம் அன்னையிடம் கேட்டது.

குடும்பத்தினர் இருவர் கூடி இவ்வகை நவீனம் எழுதுவது புதிதன்று. சார்லஸ் டாட் என்ற பெயரில் வெளிவந்த அமெரிக்க நூல்களை ஒரு தாயும் மகனுமே எழுதினர். 1996-இல் வந்த முதல் நூலின் நாயகர், முதல் உலகப்போர் முடிந்து 1919-இல் பணிக்குத் திரும்பும் ஆங்கிலேயத் துப்பறிவாளர். போர்க்களத்தில் தம் ஆணையால் சுடப்பட்ட வீரனின் குரல் அவர் செவியில் ஓயாது ஒலிக்கும். அவ்விருவரும் அத்தியாயங்களைப் பங்கிட்டுக்கொண்டதில்லை; ஒவ்வொரு காட்சியையும் இருவரும் பேசி இசைந்த பின்னரே மேற்சென்றனர். தாயார் 2021-இல் காலமானார். நம் நாட்டில், 1954-இல் கல்கி மறைந்தபோது முற்றுப்பெறாதிருந்த 'அமரதாரா'வை, அவருடைய குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி நிறைவு செய்தார். அங்கே வாதிடத் தந்தை இல்லை. நம் பேரனுக்கோ வாதிடப் பாட்டியார் இருக்கிறார். அது பெரும் பேறு என்போம்.

பேரன் குற்றத்தைப் பரிசல்காரன் மேல் சுமத்துகிறான். ஏழை, இரவில் ஆற்றில் இருந்தவன், துப்பும் பொருந்துகிறது. பாட்டியார் ஒப்பவில்லை. "ஏங்கண்ணு, கதைன்னா எவனை வேணும்னாலும் திருடன்னு சொல்லிப்போடலாமா? கோயில் சாவி யாரு வீட்டுல இருந்துச்சுன்னு மூணாம் அத்தியாயத்துல நீயேதானே எழுதுனே?" என்றாராம். சாவி இருந்தது கதைசொல்லியின் சொந்த வீட்டில்! தன் முன்னோர் சாயலில் படைத்த பெரியவரைக் கள்வராக்கப் பேரனுக்கு மனம் வரவில்லை.

ஆதித்த கரிகாலன் கொலையில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்னும் உடன்பிறந்தாரை உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சுட்டிக் கூறுகிறது. அவ்வாறிருந்தும் கல்கி 'பொன்னியின் செல்வ'னில் கொன்ற கை எதுவென்பதை ஐயத்திலேயே விட்டார். அவ்வழியைப் பேரன் நம்மிடம் சுட்டிக்காட்டி, தானும் ஐயத்தில் முடிக்கலாமா என்று வினவியுள்ளான். கூடாதென்று எழுதினோம். அரச குலத்து மர்மம் வேறு. பரிசல்காரன் மேல் பழியைப் பாதி வைத்துவிட்டு நழுவுவது வேறு. இவ்வழக்கில் நாம் பாட்டியார் கட்சி.

பதினோராம் அத்தியாயம் கிடைத்த திங்களே இதழில் தொடராக வெளியிடச் சித்தமாயிருக்கிறோம். பாட்டியார்க்கு அகவை எண்பத்தாறு. சென்ற வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது: சொல்வதற்குத் தடையில்லை, ஆனால் இந்த அத்தியாயத்தைத் தொலைபேசியில் சொல்ல மாட்டாராம், பையன் மார்டள்ளிக்கு நேரில் வரவேண்டுமாம்.