தூண்டில் முள்ளும் பதிவேடும்

காரக்கோணம் கடலோர ஊரன்று. எனினும் அங்கிருந்து தென்மேற்கே சென்றால் பொழியூர்க் கடற்கரையை அடையலாம். அதையடுத்து, நீரோடி முதல் இரையுமன்துறை வரை, தமிழ்நாட்டைச் சேர்ந்த தூத்தூர் வட்டாரக் கிராமங்கள் வரிசையாக அமைந்துள்ளன. இவ்வட்டார மீனவர்கள் ஆழ்கடலில் நெடுந்தூண்டிலிட்டுச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். மேற்குக் கடற்கரை நெடுகிலும் அவர்கள் தொழில் நடத்துகின்றனர். இவர்கள் பிடித்த மீன் பதிவேட்டில் ஏறும்போது, பிடித்த சாதனத்தின் கட்டத்தில் 'தூண்டில்' என்ற ஒரே சொல் எழுதப்படுவதுண்டு. அச்சொல் மட்டும் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கயிற்றின் நுனியில் உள்ளவை நான்கு: முள், முன்கயிறு, சுழலி, ஈயக்குண்டு. எந்த மீன் அகப்படும், எது தப்பும், தப்பியது பிழைக்குமா என்பவற்றைப் பெரிதும் தீர்மானிப்பவை இவையே.

முதலாவது முள். வழக்கமான முள்ளின் கூர் தண்டுக்கு ஒப்பாக நேரே நிற்கும். மீன் இரையை விழுங்கினால் அது தொண்டையிலோ குடலிலோ தைக்கக் கூடும். வட்டமுள்ளின் கூரோ தண்டை நோக்கி உள்வளைந்திருக்கும். கயிறு இறுகும்போது அது வழுக்கி வந்து பெரும்பாலும் வாயின் ஓரத்தில் மாட்டும். ஆதலால் வட்டமுள்ளைக் கையாளுபவர் வெட்டி இழுத்தலாகாது. கயிற்றைச் சீராக இறுக்குதலே முறை. வட அட்லாண்டிக்கில் 2001 முதல் 2003 வரை நடந்த சோதனைகளில், பெரிய வட்டமுள்ளும் மீன் இரையும் சேர்ந்தபோது கடலாமைகள் அகப்படுவது மிகவும் குறைந்தது. அமெரிக்க அரசு 2004-ல் இதனை விதியாக்கியது. ஆயினும் சுறாவைப் பொறுத்தவரை வட்டமுள் எப்போதும் நன்மையே பயக்கும் எனக் கூறுவதற்கில்லை; சில ஆராய்ச்சிகளில் அதனால் சுறாப் பிடிப்பு கூடியதும் உண்டு.

இரண்டாவது முன்கயிறு. எஃகுக் கம்பியைச் சுறாவால் கடித்து அறுக்க இயலாது. தங்கூசியை அது பெரும்பாலும் அறுத்துக்கொண்டு தப்பிவிடும். மேற்கு மத்திய பசிபிக் மீன்வள ஆணையம், வடக்கு 20 பாகைக்கும் தெற்கு 20 பாகைக்கும் இடைப்பட்ட கடலில் நெடுந்தூண்டிலுக்குக் கம்பி முன்கயிற்றை விலக்க 2022-ல் முடிவு செய்ததன் அடிப்படை இதுவே.

சுழலி, முறுக்கு ஏறிக் கயிறு சிக்குவதைத் தடுப்பது. அதன் வலிமை கயிற்றின் வலிமைக்குக் குறையலாகாது. பாறைத் தரையில் ஈயக்குண்டை மட்டும் மெல்லிய நூலால் கட்டினால், அது சிக்கினாலும் குண்டு ஒன்றே போகும். மீனும் மற்றவையும் மிஞ்சும்.

முள்ளின் எண்ணை மட்டும் குறிப்பதிலும் பயனில்லை. சிறு முட்களில் எண் கூடினால் அளவு குறையும். சுழியம் சேர்த்து எழுதும் பெரிய முட்களில் எண் கூடினால் அளவும் கூடும். போதாக்குறைக்கு, ஒரே எண்ணுள்ள முட்கள் உற்பத்தியாளர்க்கு உற்பத்தியாளர் வேறுபடுகின்றன. ஆகவே களப்பணியாளர் முள்ளின் வாயகலத்தையும் தண்டின் நீளத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, வடிவம், உலோகம், முன்கயிற்றின் பொருள், இரை ஆகியவற்றுடன் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு வேண்டுவது ஓர் அளவுகோலும் இரண்டு நிமிட நேரமுமே.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நீள்வால் சுறா வகைகளைப் பிடித்து வைத்திருத்தலை இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2010-ல் விலக்கியது. சுறாத் துடுப்பு ஏற்றுமதியை இந்தியா 2015-ல் தடை செய்தது. இத்தகைய கட்டுப்பாடுகளின் சுமை முதலில் மீனவர் தோளிலேயே விழுகிறது. எந்த முள், எந்தக் கயிறு, எந்த மீனைப் பிடித்தது என்ற கணக்கில்லாவிடில், அவர் தரப்பை எடுத்துரைக்கவும் சான்றில்லை; அழியும் இனத்தைக் காக்கவும் சான்றில்லை.

மீனவர்க்கு நட்டம் விளையும் என்ற மறுப்பு நியாயமானதே. கம்பியை விடுத்தால் விற்கத்தக்க சுறாவும் கைநழுவும். எனவே கட்டளையால் மாற்றம் புகுத்துதல் தகாது. ஒரே படகில், ஒரே கயிற்றில், இருவகை முட்களையும் மாற்றி மாற்றிக் கட்டி, அகப்பட்டதையும் இழந்ததையும் மீனவரே எண்ணிப் பார்க்கட்டும். 1957-ல் கொச்சியில் தோன்றிய மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் போன்றவை அச்சோதனைகளுக்குத் துணை நிற்கலாம்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. கூர் மழுக்கிய இருவகை முட்களை வகுப்பில் காட்டி, ஒரு நூலில் கட்டி இழுத்துக் காட்டினால், வடிவம் எவ்வாறு செயலைத் தீர்மானிக்கிறது என்பதை எல்லைக் கிராமத்துச் சிறுவர் கண்ணாரக் காண்பர். அவர்களுள் சிலர் நாளை படகில் ஏறுவர். சிலர் பதிவேட்டை எழுதுவர். இருவர்க்கும் இவ்வறிவு பொதுவாதல் வேண்டும்.