பொருளின் பெயரும் மதிப்புரையாளரின் பொறுப்பும்

சில மாதங்களுக்கு முன்னர், எங்கள் தில்லிக் கிளைக்கு ஓர் இளைஞர் நடப்புக் கணக்குத் தொடங்க வந்திருந்தார். கைப்பேசிகளை வாங்கிச் சோதித்து மதிப்புரை எழுதும் இணையதளம் ஒன்றை அவர் நடத்தி வருகிறார். விண்ணப்பத்தில் அவர் எழுதியிருந்த நிறுவனப் பெயரைக் கண்டு சற்றே தயங்கினேன். புகழ்பெற்ற கைப்பேசி நிறுவனம் ஒன்றின் பெயரும் அதனுடன் ‘ரிவியூ’ என்னும் சொல்லும் அதில் இருந்தன. அவரது முகவரி அட்டையிலும் அந்நிறுவனத்தின் சின்னமே பெரிதாக அச்சாகியிருந்தது. “அவர்களுடைய பொருளைப் பற்றித்தானே சார் எழுதுகிறேன்?” என்றார்.

நியாயமான கேள்விதான். 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டம் இதற்குத் தரும் விடை, பலர் அஞ்சுவதைவிடத் தாராளமானது. ஒரு பொருள் இன்னாருடையது என்று அடையாளங்காட்ட, அவரது குறியைப் பிறர் பயன்படுத்துவதை அச்சட்டத்தின் 30ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அப்பயன்பாடு நேர்மையான வணிக நடைமுறைக்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும். குறியின் நற்பெயரைக் கொண்டு முறையற்ற ஆதாயம் தேடுவதாகவோ அதற்குக் கேடு விளைவிப்பதாகவோ இருத்தலாகாது. பெயரைக் கூறாமல் ஒரு பொருளை எவ்வாறு மதிப்பிடுவது?

தில்லி உயர்நீதிமன்றம் 2025 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பொன்று இதனைத் தெளிவாக்குகிறது. ‘டாக்டர்ஸ் சாய்ஸ்’ என்னும் பெயரில் ஊட்டச்சத்துப் பொருள்களை விற்கும் சான் நியூட்ரிஷன் நிறுவனம், தனது புரதப் பொடியைக் குறைகூறிய சமூக ஊடகப் பதிவர்கள்மீது அவதூறு, வணிகக்குறி மீறல் முதலிய காரணங்களைக் காட்டி வழக்குத் தொடுத்தது. நீதிபதி அமித் பன்சல் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். பதிவர்களிடம் ஆய்வகச் சோதனை அறிக்கைகள் இருந்தமையே அவர்களைக் காத்தது என்பது என் எண்ணம்.

மும்பையில் 2020 ஜனவரியில் நிகழ்ந்தது வேறு. பாராசூட் தேங்காய் எண்ணெயைப் பற்றிய யூடியூப் காணொளி ஒன்றுக்கு எதிராக மாரிகோ நிறுவனம் தொடுத்த வழக்கில், கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லையெனக் கருதிய தனி நீதிபதி, காணொளியை நீக்கும்படி உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் அடுத்த மாதமே, சில சொற்களை மாற்றி வெளியிட வழி கிடைத்தது. எனினும், அதற்குள் அந்தப் பதிவர் இரு முறை நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. சிறு முதலீட்டில் தொழில் நடத்துபவருக்கு வழக்கறிஞர் கட்டணமே பெருஞ்சுமை. நிறுவனத்தின் நோட்டீஸ் கண்டவுடனேயே உண்மையான மதிப்புரையைக்கூட நீக்கிவிடுவோர் உளர். இதனால் இழப்பு வாங்குவோருக்கும்தான்.

ஆகவே, வாங்கிய பற்றுச்சீட்டையும் சோதனை அறிக்கையையும் தேதியுடன் பாதுகாத்து வைத்தல் நலம். (வங்கிக்காரன் பழக்கம், எதற்கும் காகிதம் கேட்பேன்!) இலவசமாகப் பொருளோ விற்பனையில் கமிஷனோ பெற்றிருப்பின் அதனை மறைக்கக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் குறித்து 2022 ஜூனில் மைய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதனைக் கட்டாயமாக்குகின்றன. பொய்யான விளம்பரத்துக்குப் பரிந்துரை செய்பவர்மீது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அந்த இளைஞரின் இடர் மதிப்புரையில் இல்லை, பெயர்ப்பலகையில்தான் இருந்தது. பிறருடைய குறியையே தன் கடைக்குப் பெயராகச் சூட்டும்போது, அந்நிறுவனமே நடத்தும் தளமோ என்னும் மயக்கம் வாசகருக்கு எழும். இணைய முகவரிகளுக்கும் வணிகக்குறிகளுக்குரிய பாதுகாப்பு உண்டென்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்சநீதிமன்றம் 2004இலேயே கூறிவிட்டது. கட்டுரைக்குள் கைப்பேசியின் பெயரைச் சாதாரண எழுத்தில் குறிப்பிட்டாலே போதும். சின்னத்தை முகப்பில் ஒட்ட வேண்டியதில்லை.

இவற்றை அவரிடம் விளக்கினேன். முகவரி அட்டைகளுக்குச் செலவான தொகையை எண்ணிச் சற்று வருந்தினார். அடுத்த வாரம் வேறொரு பெயருடன் வந்தார்; அன்றே கணக்கைத் தொடங்கிக் கொடுத்தோம்.