சாய்ந்த எழுத்தும் சாயாத சொல்லும்

திருகோணமலைக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துள்ள கடலோரக் கிராமம் சல்லி. அவ்வூரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் புகும் தமிழர், முத்துமாரியம்மன் கோயிலைக் கூறுமிடத்து ‘கோயில்’ என்னும் சொல்லைப் பெரும்பாலும் சாய்வெழுத்தில் இடுகின்றார். பொங்கலும் கரைவலையும் வள்ளமும் அவ்வாறே சாய்கின்றன. அதே பக்கத்தில் ‘கட்டமரான்’ மட்டும் நிமிர்ந்து நிற்கின்றது. அதுவும் தமிழரின் கட்டுமரமே. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வாய்ப்பட்டு ஆங்கிலச் சொல்லாயிற்று. அயலார் எடுத்துக்கொண்ட சொல் நிமிர்கின்றது. தமிழர் தாமே கொண்டுசெல்லும் சொல் சாய்கின்றது. இதனை வெறும் அச்சு மரபென்று ஒதுக்கிவிடலாமா?

சாய்வெழுத்தின் பிறப்பில் இப்பாகுபாடு இல்லை. 1501இல் வெனிசு நகர அச்சகர் ஆல்டசு மனூசியசு, வேர்ஜிலின் கவிதை நூலை முழுவதும் அவ்வெழுத்திலேயே வெளியிட்டார். அயற்சொல்லுக்கு அஃது அடையாளமானமை பிற்கால வழக்கு. வழக்கால் வந்தது வழக்கால் மாறக்கூடியதே.

அழுத்தம் காட்டச் சாய்ப்பதிற் குற்றமில்லை. தமிழில் தேற்றேகாரம் ஆற்றும் பணியை ஆங்கிலத்தில் பெரிதும் குரலே ஆற்றுகின்றது. அக்குரலை அச்சிற் காட்டச் சாய்வு துணைசெய்கின்றது. நூற்பெயரைச் சாய்ப்பதும் பயனுடையதே. தாய்மொழிச் சொல்லைச் சாய்ப்பதோ பொருளை விளக்குவதன்று. ‘இஃது அந்நியம்’ என அறிவிப்பது மாத்திரமே.

பிறநாட்டு வாசகர் விளங்கவேண்டாமா என்பர் சிலர். ‘கரைவலை’யைச் சாய்த்தமையால் அவர் விளங்கியது யாது? ஒரு கயிற்றைக் கரையில் விட்டு, வலையைக் கடலில் வளைத்து, மறுகயிற்றைக் கரைசேர்த்து, இருபுறமும் ஆட்கள் நின்று இழுப்பர் என்று ஒரு வாக்கியம் எழுதினால் சொல் தானே விளங்கும். அவ்வுழைப்பைத் தவிர்க்கும் சோம்பலே சாய்வு.

அன்றியும், அவ்வாங்கிலம் யாருக்கு? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இலங்கையின் இணைப்பு மொழியாக்கியது. சிங்களத்திலும் ‘கோவில’ என வழங்கும் சொல்லை அந்நாட்டு வாசகருக்கே அந்நியமெனக் காட்டுவது எவ்வகை இணைப்பு?

வடசொல்லைத் தமிழெழுத்தால் ஏற்க வழிவகுத்தது தொல்காப்பியம். போர்த்துக்கேயர் வழிவந்த அலுமாரியும் சப்பாத்தும், ஒல்லாந்தர் தந்த கந்தோரும் ஈழத்தமிழில் எவ்வடையாளமுமின்றி வாழ்கின்றன. வந்த சொல்லை வீட்டினுள் இருத்திய மொழியினர், பிறமொழியில் எழுதும்போது தம் சொல்லைத் தாமே படலைக்கு வெளியே நிறுத்துவது முறையன்று. முதன்முறை விளக்குக; நிமிர்த்தியே எழுதுக. சல்லிக் கடலோரத்தில் நிமிர்ந்து நிற்கும் கோயில், ஆங்கிலப் பக்கத்திலும் நிமிர்ந்தே நிற்கட்டும்.