பதின்மூன்று ஆண்டு, மூன்று கட்டா

கான்பன் உவேச்சி 1897-இல் ஒகினாவாவிலிருந்து கப்பலேறிச் சீனத்தின் ஃபுஜோ நகருக்குப் போனார். வயது இருபது. கட்டாய ராணுவ சேவைக்குத் தப்பித்தான் ஓடினார் என்றும் சொல்வார்கள். அங்கே ஷூ ஷிவா என்ற ஆசானிடம் கற்று 1910-இல் ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்தவை சான்சின், சேசான், சான்சேரியூ என மூன்றே கட்டாக்கள், அதாவது வரிசை மாறாமல் தனியே செய்யும் அசைவுத் தொகுப்புகள். வந்ததும் பள்ளி திறக்கவில்லை, வயலில் இறங்கிவிட்டார். பல ஆண்டு கழித்து, பிழைப்புக்காகப் போன வகயாமாவில், சக ஒகினாவாக்காரர் ஒருவர் விடாமல் கேட்ட பிறகுதான் கற்பிக்கத் தொடங்கினார். உவேச்சி-ரியூ என்று இன்று உலகம் அறிந்திருக்கும் கராத்தே அதுதான்.

இப்போது பயணம் ஒகினாவாவை நோக்கி. கராத்தே கற்பவர்கள் பல நாடுகளிலிருந்து நாஹாவில் வந்து இறங்குகிறார்கள். போகட்டும், போகத்தான் வேண்டும். ஆனால் பத்து நாளில் நான்கு டோஜோ (பயிற்சிக்கூடம்) ஏறி இறங்கி, புதுக் கட்டாவை மொபைலில் படம்பிடித்து, ஆசிரியரோடு ஒரு போட்டோவும் சான்றிதழுமாகத் திரும்புவதற்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. யூடியூபே போதும்.

கராத்தேயே வெளியூர் போய்க் கற்றவர்கள் உண்டாக்கிய கலை. ஒகினாவா தனி நாடாக, ரியூகியூ அரசாக இருந்த காலத்தில் சீனத்தோடு நடந்த வணிகத்துக்கு ஃபுஜோதான் வாசல். ரியூகியூக்காரர்கள் தங்க அங்கே தனி விடுதியே இருந்தது. 1879-இல் ஜப்பான் அந்த அரசைக் கலைத்துத் தன் மாநிலமாக்கிய பிறகும் அந்தப் பாதை தூர்ந்துவிடவில்லை. கான்ரியோ ஹிகாவோன்னா அங்கேதான் கற்றார். அவருடைய மாணவரும் கோஜு-ரியூவை நிறுவியவருமான சோஜுன் மியாகி, 1915-இல் தன் ஆசிரியர் கற்ற இடத்தைத் தேடி அதே நகருக்குப் போனார்.

ஹிகாவோன்னாவின் மாணவர்கள் முதல் மூன்று ஆண்டு சான்சின் மட்டுமே செய்தார்கள் என்பார்கள். அந்தக் கட்டாவில் பார்க்க ஒன்றுமே இல்லை. மூன்றடி முன்னே, திரும்பல், மெதுவாக ஒரு குத்து, நீண்ட மூச்சு. கதை அதன்பிறகுதான். ஆசிரியர் பின்னால் வந்து இரண்டு தோளிலும் உள்ளங்கையால் பட்டென்று அடிப்பார். தோள் மேலே எழும்பினால் தப்பு. தொடையைத் தட்டுவார், விலாவை அழுத்துவார், பாதம் தரையைப் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். அதற்குப் பிறகு நிகிரி-காமே: இரண்டு மண்ஜாடிகளை விளிம்பில் விரல்நுனியால் பற்றித் தூக்கிக்கொண்டு அதே நடை. நாளாக ஆக ஜாடிக்குள் மணல் கூடும். கல்லில் கைப்பிடி செருகிய சீ-இஷியும் உண்டு. நம் கர்லாக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். தோளில் விழுகிற அந்த அடியை எந்த வீடியோவும் தராது. விமானச் சீட்டுக்குச் செலவழிக்க அது ஒன்றே போதுமான காரணம்.

பெல்ட் அப்படிப்பட்ட காரணம் அல்ல. கறுப்பு பெல்ட் ஒகினாவாவில் பிறந்ததே அல்ல. ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ டோக்கியோவில் கொண்டுவந்த வழக்கம் அது. ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் குடிபோன கிச்சின் ஃபுனாகோஷி 1924-இல் தன் மாணவர்களுக்குத் தகுதிநிலை வழங்கியதோடு கராத்தேக்குள் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட் என்று பணம் கட்டிப் பழகிய நம் ஊர்ப் பெற்றோர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

எல்லோராலும் பதின்மூன்று ஆண்டு போய் உட்கார முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒகினாவாவில் முகாமிட்ட அமெரிக்க மரைன் வீரர்கள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுப் பணிக்காலத்துக்குள் கற்று, ஊர் திரும்பிப் பள்ளி தொடங்கினார்கள். தத்சுவோ ஷிமாபுக்குரோவின் இஷின்-ரியூ அமெரிக்காவில் பரவியது அப்படித்தான். அந்த அவசரத்தில் சில நுணுக்கங்கள் உதிர்ந்திருக்கும். ஆனால் அந்த அவசரம் இல்லையென்றால் கராத்தே இவ்வளவு தூரம் வந்திருக்கவும் வாய்ப்பில்லை. அவர்களுக்காவது மாதக்கணக்கில் ஓர் ஆசிரியர் பக்கத்திலேயே இருந்தார்.

இருபது நாள் விடுப்புதான் கிடைக்கும் என்பவர், அந்த இருபது நாளையும் ஒரே டோஜோவில் கழிக்கலாம். ஒகினாவா மாநில அரசு 2017-இல் தோமிகுசுக்குவில் கராத்தே கைகான் என்ற பெரிய மையத்தைத் திறந்திருக்கிறது. வெளிநாட்டவருக்கு ஏற்ற ஆசிரியரைத் தேடித்தரும் தகவல் மையமும் அங்கே இயங்குகிறது. உள்ளூர் மாஸ்டரின் அறிமுகக் கடிதத்தோடு, எந்தப் பாணி, எத்தனை ஆண்டுப் பயிற்சி என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுவது மரியாதை. அதில் புதுக் கட்டா எதுவும் கேட்க வேண்டாம். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் திருத்தித் தரும்படி கேட்டால் போதும். பல டோஜோக்கள் ஆசிரியரின் வீட்டோடு ஒட்டியவை, பயிற்சி பெரும்பாலும் மாலையில்தான் என்பதால், தங்குமிடத்தை நடந்துபோகும் தூரத்தில் பார்த்துக்கொள்வது உத்தமம்.