விளையாட்டு வினையான கதை

பையன் ஒருவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கையில் பொத்தான்கள் உள்ள சிறு கருவி. அவன் பொத்தானை அழுத்தினால், திரையில் தெரியும் ஆள் ஓடுகிறான்; காரைத் திருடுகிறான்; துப்பாக்கியால் சுடுகிறான்.

யாரைச் சுடுகிறான்? "ஹைதியர்களை" என்கிறது விளையாட்டு.

ஹைதியர் என்பவர்கள் கட்டுக்கதையில் வரும் அரக்கர்கள் அல்ல. மேற்கிந்தியத் தீவுகளில் ஹைதி என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். பிழைப்புத் தேடியும் உயிருக்குப் பயந்தும் லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்காவில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகளும் இதே பொத்தானைத்தான் அழுத்தினார்கள்.

2002-ல் வந்த ஆட்டம்

அந்த விளையாட்டின் பெயர் 'கிராண்ட் தெப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி'. ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் 2002-ம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்டது. உலகம் முழுவதும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களிலும் பையன்கள் மணிக்கணக்கில் இதை ஆடினார்கள்.

கதை 1986-ம் ஆண்டில் நடக்கிறது. மயாமி நகரை அச்சாக வைத்து, 'வைஸ் சிட்டி' என்று கற்பனைப் பெயர் சூட்டியிருந்தார்கள். அங்கே கியூபாக்காரர் கும்பல் ஒன்று; ஹைதியர் கும்பல் ஒன்று. இரண்டுக்கும் தீராப் பகை. கதாநாயகன் ஹைதியர் தலைவியான ஒரு கிழவிக்கு வேலை செய்கிறான். அவள் கொடுக்கும் பானத்தைக் குடித்து மதி மயங்குகிறான். கியூபாக்காரர்களோடு சேர்ந்து ஹைதியர்களைச் சுட்டும் தள்ளுகிறான். ஹைதியர்களைக் கொன்று தீர்க்கச் சொல்லி ஏவும் வசனமும் அதில் இருந்தது.

2003-ம் ஆண்டு இறுதியில் எதிர்ப்பு வெடித்தது. நியூயார்க்கிலும் புளோரிடாவிலும் ஹைதிய அமைப்புகள் கண்டனக் குரல் எழுப்பின. நியூயார்க் மேயர் புளூம்பெர்க்கும் கண்டித்தார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இனி வெளிவரும் பிரதிகளில் அந்த வசனங்களை நீக்குவதாக 2003 டிசம்பரில் அறிவித்தது.

"எல்லாம் கற்பனைதானே!"

நிறுவனத்தின் தரப்பில் சொல்லப்பட்ட நியாயம் இதுதான்: கற்பனைக் கதையில் இரண்டு கும்பல்கள் மோதிக்கொள்கின்றன, ஒரு கும்பலைச் சேர்ந்தவன் பேசும் பேச்சு அது, ஓர் இனத்தைத் தாக்கும் எண்ணம் இல்லை. விளையாட்டின் ரசிகர்கள் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள்: "கதாநாயகன் இத்தாலிய வம்சத்தவன். அவனும் ரவுடிதான். இதில் நல்லவன் யார்?"

இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பழைய அமெரிக்கக் குற்றப் படங்களின் பாணியைக் கிண்டல் செய்து எடுத்த ஆட்டம் இது. போலீசாரையும் வக்கீலையும் பணக்காரனையும்கூட அது விட்டுவைக்கவில்லை.

ஆனால், ஒரு கேள்வி. நகருக்குக் கற்பனைப் பெயர் வைத்தவர்கள், ஹைதியர் வாழும் பேட்டைக்கு என்ன பெயர் வைத்தார்கள்? 'லிட்டில் ஹைதி'. மயாமியில் உண்மையாகவே இருக்கும் பேட்டையின் பெயர் அது! ஊர்ப் பெயரை மாற்றத் தெரிந்தவர்களுக்கு மக்களின் பெயரை மாற்றத் தெரியவில்லை. கற்பனை என்று சொல்லும் உரிமை அங்கேயே பாதி போய்விட்டது.

இத்தாலியரின் கதையும் வேறு. திரையில் ஓர் இத்தாலியன் ரவுடியாக வந்தால், பார்ப்பவனுக்கு வேறு நூறு இத்தாலியர்களைத் தெரியும். பாடகர் இருக்கிறார், விஞ்ஞானி இருக்கிறார், போப்பாண்டவர்கூட இருந்திருக்கிறார். ஹைதியனைப் பற்றி அந்தப் பையனுக்கு வேறு என்ன தெரியும்? அவன் பார்த்த முதல் ஹைதியனும் கடைசி ஹைதியனும் இந்த ஆட்டத்தில் செத்து விழுந்தவனாகவே இருக்கலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்குச் சரி, மனிதர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

உண்மையான 1986

அந்த 1986-ம் ஆண்டில், உண்மையான லிட்டில் ஹைதியில் என்ன நடந்தது?

ஹைதியைத் தந்தையும் மகனுமாக 29 ஆண்டுகள் கசக்கிப் பிழிந்தது டுவாலியர் குடும்பம். அந்த மகன் 1986 பிப்ரவரி 7-ந் தேதி நாட்டை விட்டு ஓடினான். செய்தி வந்ததும் மயாமியில் ஹைதியர்கள் வீதிக்கு வந்து ஆடிப் பாடினார்கள். ஓட்டைப் படகில் கடலைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். ஓட்டல் அறைகளைப் பெருக்கியும், டாக்சி ஓட்டியும் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். விளையாட்டில் இவர்கள் எங்கே? தேடினாலும் கிடைக்கமாட்டார்கள்.

அந்த நாட்டின் பழங்கதை இன்னும் பெரிது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் 1791-ல் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி 1-ந் தேதி சுதந்திரம் அறிவித்தார்கள். அந்த வெற்றிக்குத் தண்டனை போல, 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, 15 கோடி பிராங்கு நஷ்டஈடு கேட்டது. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்காகக் கேட்ட பணம் அது! பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆனாலும், அந்தக் கடன்சுமை பல தலைமுறைகளை அழுத்தியது.

பழிச்சொல் கொல்லும்

ஹைதியரைப் பற்றிய கெட்ட பெயர் இந்த விளையாட்டோடு தொடங்கவில்லை. 1983-ல் அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் எய்ட்ஸ் நோய் தொற்றக்கூடியவர்களின் பட்டியலில், ஹைதியர் என்று ஒரு நாட்டு மக்களையே சேர்த்தார்கள். 1985-ல் அதை நீக்கினார்கள். 1990-ல், ஹைதியர் ரத்த தானம் செய்யக்கூடாது என்று விதி வந்தது. அந்த ஏப்ரலில் பல்லாயிரம் ஹைதியர்கள் புரூக்ளின் பாலத்தைக் கடந்து ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் விதி கைவிடப்பட்டது.

இந்தக் காயங்கள் ஆறுவதற்குள்தான் விளையாட்டு வந்தது. புண்ணில் கோல் பாய்ந்தால் கத்தாமல் இருப்பார்களா?

இதோடு முடிந்துவிடவில்லை. 2024 செப்டம்பரில், ஜனாதிபதித் தேர்தல் விவாதத்தில் டிரம்ப் ஒரு புகாரைச் சொன்னார். ஒகையோ மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் குடியேறியவர்கள் அக்கம்பக்கத்தாரின் நாய் பூனைகளைத் தின்பதாக அவர் கூறினார். ஹைதியரைக் குறி வைத்துப் பரவிய வதந்தி அது. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று நகர அதிகாரிகள் தெரிவித்தார்கள். ஆனாலும், வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. பள்ளிக்கூடங்களில் இருந்து குழந்தைகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

இதற்கு அந்தப் பழைய விளையாட்டுதான் காரணம் என்று சொன்னால் அது அபாண்டம். ஆனால், ஓர் இனத்தை மாந்திரீகம் என்றும் கொலை என்றும் மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால், நாளைக்கு எந்தப் பொய்யைச் சொன்னாலும் நம்புவதற்கு ஆட்கள் தயாராக இருப்பார்கள்.

தடை வேண்டுமா?

தடை போடலாமே என்றால், அது மருந்து ஆகாது. சிறுவர்களுக்கு வன்முறை விளையாட்டுகளை விற்பதைக் கட்டுப்படுத்தி கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. 2011-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள பேச்சுரிமை வீடியோ விளையாட்டுக்கும் உண்டு என்றது.

உரிமை இருக்கட்டும். உரிமை உள்ளவனுக்குப் பொறுப்பும் உண்டு அல்லவா? சினிமாவில் பையன் பார்க்கிறான். விளையாட்டிலோ அவனே செய்கிறான். அவன் விரல்தான் துப்பாக்கியை இயக்குகிறது. ஆகவே, படம் எடுப்பவரைவிட ஆட்டம் அமைப்பவருக்கு ஒரு பங்கு அதிகமாகவே பொறுப்பு உண்டு.

அன்று நிறுவனம் வசனத்தை வெட்டியது. அது நல்ல காரியம். ஆனால், கும்பல் அப்படியே இருந்தது. வெட்டுவது சுலபம். சேர்ப்பதுதான் கடினம். அந்தப் பேட்டையில் ஒரு டாக்சி டிரைவர், கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒரு குழந்தை இருந்திருந்தால் ஆட்டத்தின் விறுவிறுப்பு குறைந்துவிடுமா? வில்லன் ஹைதியனாக இருக்கலாம். ஹைதியன் எல்லாம் வில்லனாக இருக்கக்கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பையன் கையில் இருந்து கருவியைப் பிடுங்க வேண்டாம். பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, "யாரைச் சுடுகிறாய்? அவர்கள் எந்த ஊர்?" என்று கேட்டால் போதும். தேசப்படத்தை எடுத்து ஹைதியைக் காட்டலாம். அடிமைச் சங்கிலியை அறுத்தவர்களின் நாடு அது என்று சொல்லலாம்.

அதைக் கேட்ட பிறகும் பையன் ஆடுவான். ஆனால், அந்தப் பெயர் அவனுக்கு வெறும் குறியாக இருக்காது.